முன்னால் வருவதெல்லாம் முன்னிசையா?

பிரெல்யூட், ஓவர்ச்சர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் ‘முன்னிசை’ என்று ஒன்றாகவே எழுதிவிடுகிறோம். இரண்டும் முதலில் வருபவைதானே என்று தோன்றும். ஆனால் போருக்கு முன்பு நடக்கும் எல்லை மோதலை ஆங்கிலப் பத்திரிகைகள் பிரெல்யூட் என்கின்றன. பகை நாட்டுக்குச் சமாதானத் தூது அனுப்பினால் அது ஓவர்ச்சர். இடம் மாற்றிப் போட்டால் ஒட்டாது. அந்தச் செய்தியைத் தமிழில் தருபவரும் ‘நேசக்கரம் நீட்டியது’ என்றுதான் எழுதுவார். எதிரில் ஓர் ஆள் இருந்தால்தானே கரத்தை நீட்ட முடியும்? இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பிரெல்யூட் லத்தீன் வழி வந்தது. ‘முன்’ என்பதும் ‘விளையாடு’ என்பதும் சேர்ந்த சொல். லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியம் எளிதில் சுருதி இறங்கிவிடும். வாசிப்பவர் தந்திகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, விரல்களை ஓடவிட்டு, வாசிக்கப்போகும் சுரங்களைத் தொட்டுப்பார்ப்பார். அந்த ஓட்டமே பிரெல்யூட். 17-ம் நூற்றாண்டில் இசையமைப்பாளர் லூயி கூப்பரன் எழுதிவைத்த சில பிரெல்யூடுகளில் தாளக்கோடுகளே கிடையாது. பக்கம் முழுக்க வெள்ளை வட்டங்கள், அவற்றைத் தழுவிச் செல்லும் நீண்ட வளைகோடுகள். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது வாசிப்பவர் பாடு. விரலுக்கும் தந்திக்கும் இடையிலான பேச்சு அது. சபை அதை ஒட்டுக்கேட்கிறது.

ஓவர்ச்சர் பிரெஞ்சில் ‘திறப்பு’. இது சபையைப் பார்த்துப் பேசுவது. ‘செவில் நகர நாவிதன்’ ஆபெராவுக்கு 1816-ல் ரோசினி வைத்த ஓவர்ச்சர் புதிதல்ல. 1813-ல் ரோமப் பேரரசர் ஒருவரின் கதைக்கு எழுதியது, 1815-ல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் கதைக்கும் பயன்பட்டது. நகைச்சுவை நாடகத்துக்கும் அதுவே பொருந்தியது என்றால், அதன் வேலை கதையை முன்கூட்டிச் சொல்வதல்ல, கூடியிருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைப்பது என்றுதானே பொருள்?

சொல்லின் வேரைத் தோண்டி இன்றைய பொருளைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். 1839-ல் வெளிவந்த ஷோப்பனின் 24 பிரெல்யூடுகளுக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை. மெண்டல்சனின் ‘ஹெப்ரிடீஸ்’ ஓவர்ச்சருக்குப் பின்னால் நாடகம் இல்லை. ‘முன்’ என்பதே உதிர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அது உதிர்ந்த பிறகும் குணம் மாறவில்லை. ஷோப்பனின் ஏழாவது பிரெல்யூட் பதினாறே தாளக்கட்டங்கள். ஒருவர் தனக்காகப் பியானோவைத் தொட்டுப்பார்த்துவிட்டுக் கையை எடுத்ததுபோல முடிகிறது. மெண்டல்சனுக்கோ முழு வாத்தியக்குழு வேண்டும், அரங்கம் வேண்டும்.

வாக்னர்தான் பெரிய மறுப்பு. ஆபெராவின் தொடக்க இசைக்கே அவர் பிரெல்யூட் என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லை வைத்தார். அவருடைய ‘லோஹென்கிரின்’ ஆபெராவின் தொடக்கம் என் பக்கம்: உச்ச ஸ்தாயியில் வயலின்கள் காதில் விழுந்தும் விழாமலும் தொடங்குகின்றன, அது யாரையும் கூப்பிடுவதில்லை. ‘மைஸ்டர்சிங்கர்’ முழக்கத்தோடு வருகிறது. நான் போட்ட கோடு அங்கே அழிந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு விலக்குக்காக வேறுபாட்டையே கைவிட வேண்டியதில்லை. பிரெல்யூடுக்கு ‘முன்னிசை’ இருக்கட்டும். ஓவர்ச்சரை ‘அழைப்பிசை’ என்று எழுதிப் பார்க்கலாம்.