கொடியும் குடியேறியோரும்

2018 மார்ச்சு 8 அன்று கருநாடக முதலமைச்சர் சித்தராமையா மாநிலத்திற்கென ஒரு புதிய கொடியைப் பெங்களூரில் வெளியிட்டார். மேலே மஞ்சள், நடுவே வெள்ளை, கீழே சிவப்பு. வெள்ளையின் நடுவில், இருதலைப் புள்ளாகிய கண்டபேருண்டம் விளங்கும் அரசுச் சின்னம். முந்தைய ஆண்டு அமைக்கப்பெற்ற ஒன்பதின்மர் குழுவின் பரிந்துரை வழி வந்தது அது.

நாட்டின் ஒருமைக்கு ஊறு என்றனர் ஒரு சாரார். மே மாதத் தேர்தலுக்கான வேடம் என்றனர் வேறு சிலர். கன்னட ஆர்வலர் சிலரோ, எங்கள் மஞ்சள் சிவப்பில் வெள்ளையைப் புகுத்த நீங்கள் யார் என்று வெகுண்டனர்.

இக்கேள்வியின் பக்கமே நியாயம் உண்டு என்பது நம் துணிபு. மஞ்சளும் குங்குமமுமாய் விளங்கும் இருவண்ணக் கொடியை 1960-களில் உருவாக்கியவர் மா. ராமமூர்த்தி. அரசாணையை எதிர்பார்த்து அது வளரவில்லை. தெருமுனைக் கம்பத்திலும் ஆட்டோவின் முகப்பிலும் அரை நூற்றாண்டாகப் பறந்து வளர்ந்தது. சின்னம் பொறித்ததும் மக்கள் கொடி அலுவலகக் கொடி ஆகிவிட்டதே!

நம்மை வருத்தியது நம்மவர் சிலரின் ஏளனம். "தனிக்கொடியாம், அடுத்தது தனிநாடோ?" என்று நகைத்தார்கள். 1970-இல் தமிழ்நாட்டிற்குத் தனிக்கொடி கேட்டு, ஒரு மூலையில் தேசியக் கொடியும் எதிர்மூலையில் கோபுரமுமாக வடிவம் காட்டியவர் கலைஞர் கருணாநிதி அல்லரோ? சென்னையில் மாநில உரிமையாய் இருந்தது பெங்களூரில் பிரிவினை ஆகுமோ? அவ்வடிவம் கைவிடப்பட்டது, மெய்தான். ஆயினும் விடுதலை நாளில் முதலமைச்சர்கள் தேசியக் கொடியேற்றும் உரிமை 1974-இல் கிடைத்தது அவர் முயற்சியால். கருநாடக முதலமைச்சரும் அவ்வுரிமையால்தான் ஏற்றுகிறார்.

1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்நகரில் நம்மவர் பட்டதை மறக்கச் சொல்லவில்லை. அச்சத்தால் இக்கொடியைக் கடைவாயிலில் கட்டியோர் நம்முள் உண்டு. கொடியைத் தடியாக்கியோரை நாம் பொறுப்பதற்கில்லை. அது கொடியின் குற்றமன்று.

புதிய வடிவம் நடுவண் அரசின் இசைவுக்குச் சென்றது; இசைவு வரவில்லை. பழைய இருவண்ணமே பறக்கிறது. நவம்பர் முதல் நாள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம், "கழற்று" என்கிற பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். 1956-இல் அதே நாளில்தான் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது என்பதை அவர்கள் அப்பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்களா?