கண்டுபிடிக்கிற கூலி



காரைப் பழுது பார்த்த அனுபவங்களை எழுதுங்கள் என்று சென்ற இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். எந்த கம்பெனி வண்டி நன்றாக உழைக்கிறது, எது நடுவழியில் காலை வாருகிறது என்ற பட்டியல்தான் வந்து குவியும் என்று அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தோம். வந்தவை வேறு மாதிரி இருந்தன. வண்டி நின்றுபோனதைப் பலர் நாலே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதன்பின் ஒர்க் ஷாப்பில் நடந்ததைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். செலவான பணத்தைக்கூட மறந்துவிடுகிறார்கள். 'என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லல' என்பதைத்தான் யாராலும் மறக்க முடியவில்லை.

  

கோவை வாசகி ஒருவரின் கடிதத்தைச் சொல்கிறேன். டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்திருக்கிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றினார். சில நாளில் மறுபடி விளக்கு. இந்த முறை வேறொரு சென்சார். மறுபடியும் விளக்கு. கடைசியில் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் ஒரு மெக்கானிக், இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயில் மயிரிழை அளவுக்கு விரிசல். புதுக் குழாய் சில நூறு ரூபாய்தான்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது காட்டும் குறியீடு, எந்த இடத்து அளவு கணக்கோடு ஒத்துவரவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். எந்தப் பாகம் கெட்டுப்போனது என்று அதற்குத் தெரியாது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையில் காற்று அதிகம் என்று காட்டினால், சென்சாரே பழுதாகியிருக்கலாம். குழாய் விரிசல் வழியே கணக்கில் வராத காற்று போகலாம். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். இவற்றில் எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் வேலை. ஸ்கேனரில் குறியீட்டைப் படித்ததும் புதுப் பாகத்துக்கு ஆர்டர் போடுவதை நான் பழுது பார்ப்பது என்று சொல்லமாட்டேன்.

அந்தத் தேடல் ஏன் நடப்பதில்லை? திண்டுக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக் எழுதிய ஒற்றைத்தாள் கடிதத்தில் பதில் இருந்தது. 'ஒரு மணி நேரம் தேடி ஒரு லூஸ் கனெக்‌ஷனை டைட் பண்ணிக் கொடுத்தா, இதுக்கா ஐநூறு ரூபாய்னு கேக்குறாங்க. அதே ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் பார்ட்டை மாத்தினா, பில்லை ஒரு தடவை பார்த்துட்டு பேசாம கொடுத்துட்டுப் போறாங்க.' படித்தபோது கொஞ்சம் உறைத்தது. பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், கண்டுபிடிக்கிற கூலியைப் பேரம் பேசுகிறோம். அப்புறம், தேவையில்லாமல் பார்ட்டை மாற்றிவிட்டார்கள் என்று நாமே கடிதம் எழுதுகிறோம்.

அம்பாசடர் காலத்தில் கண்டுபிடிக்கிற இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரான அந்த வண்டியைச் சொல்லி 'அந்த மாதிரி உழைக்குமா?' என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அடிக்கடி நின்றது. மலை ஏறினால் ரேடியேட்டர் கொதித்தது. உச்சி வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால், பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் காத்திருக்க வேண்டும். பிளாட்டினம் பாயின்டை உப்புத்தாளால் தேய்க்கத் தெரியாத டிரைவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. ஆனால் பானெட்டைத் திறந்தால் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, முதலாளி, டிரைவர், மெக்கானிக் மூவருக்கும் ஒரே நேரத்தில். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 2000-ஐ ஒட்டிக் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. வழியில் நிற்பது குறைந்தது. ஆனால் நின்றால், காரணம் ஒரு கணினிப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்பதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் தங்கள் டீலர்களைத் தாண்டி வெளி மெக்கானிக்குகளுக்குப் போகாமல் தடுத்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, நீதிமன்றம் என்று அது நீண்டது தனிக் கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. திண்டுக்கல் மெக்கானிக்கைப் போன்றவர்களுக்கு வேண்டியது அபராதத் தொகை அல்ல, ஒரு ஒயரிங் வரைபடம். அது ஷெட்டுக்கு வந்து சேர்கிற நாளில்தான் ஆணையத்தின் அந்த உத்தரவுக்கு உயிர் வந்ததாக நான் நினைப்பேன்.

கடிதங்களில் அதிகம் பதறாதவர்கள் யார் தெரியுமா? ஃபோர்டு வண்டிக்காரர்கள். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தபோது தூக்கம் போனவர்கள் இவர்கள். அன்றிலிருந்து தங்கள் வண்டியைத் தாங்களே படித்திருக்கிறார்கள். பார்ட் நம்பர் மனப்பாடம். சென்னை புதுப்பேட்டையில் எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று ஒருவர் கையால் வரைபடமே போட்டு அனுப்பியிருக்கிறார். விற்றவர் கைவிட்டுவிடுவாரோ என்ற பயம் இவர்களை நல்ல மாணவர்கள் ஆக்கியிருக்கிறது.

மற்ற நம் எல்லோருக்கும் அந்தப் பயம் இல்லை. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி கேட்கிறார்: 'கோவிலுக்கும் டாக்டர் வீட்டுக்கும்தான் வண்டி போகிறது. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. எதற்காக ஆயில் மாற்ற வேண்டும்?' ஐயா, அப்படி ஓடுகிற வண்டிக்குத்தான் கவனம் கூடுதலாக வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்குகிறது. பேட்டரி செலவழித்த மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் 'அல்லது' இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது, என்று போட்டிருப்பது உங்களை மனதில் வைத்துத்தான். பிரேக் திரவமும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. பேரப்பிள்ளைகளோடு கொல்லிமலை போய்விட்டு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது திரவம் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. தேயாத டயரும் வயதாகி வெடிக்கும்.

பழைய வண்டி வாங்கியவர்களின் கடிதங்களில் ஒரே சோகம் திரும்பத் திரும்ப வருகிறது, டைமிங் பெல்ட். மேலே வால்வுகளையும் கீழே பிஸ்டன்களையும் தாளம் தப்பாமல் ஓட்டும் ரப்பர் பட்டை அது. வண்டியைப் பொறுத்து 80,000 கிலோமீட்டர், ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று மாற்றக் கெடு உண்டு. அறுவதற்கு முன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும், ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். முந்தைய சொந்தக்காரர் மாற்றினாரா? ஃபைல் இல்லை. 'மாத்தியாச்சு சார்' என்ற புரோக்கரின் வாய்ச்சொல்தான் இருக்கிறது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுவது மலிவு.

சென்னை வாசகர்கள் 2015 டிசம்பரை இன்னும் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைகிறது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லையென்றால் அந்தச் சேதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் வண்டிகளை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். அந்தப் பயிற்சிக்கு அவர்கள் கொடுத்த கட்டணம் அதிகம்.

ஒர்க் ஷாப்புக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். 'ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொல்லி வண்டியை விடாதீர்கள். டாக்டரிடம் 'உடம்பு சரியில்லை' என்பதோடு நிறுத்துவோமா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, சூடான பிறகா, இடது பக்கம் திருப்பும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, எந்த வேகத்தில், ஏசி போட்டால் கூடுகிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் சோதனைக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தால், தயவுசெய்து அதில் மட்டும் கையை வைக்காதீர்கள்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் தொடங்குகிறோம். புரியாத சர்வீஸ் பில்லின் நகலை அனுப்புங்கள். எது எதற்காக, எது தேவை, எது இல்லாமலும் நடந்திருக்கும் என்று விளக்கம் வரும். உங்கள் பெயர், வண்டி எண், கடையின் பெயர் மூன்றையும் மறைத்தே அனுப்புங்கள், யாரையும் சந்தியில் இழுப்பது நோக்கமல்ல. அந்தப் பக்கத்தை எழுத முடியுமா என்று திண்டுக்கல் மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். 'பில்லைப் பார்த்துச் சொல்றதுக்கும் நேரம் ஆகுமே சார், அதுக்கு என்ன தருவீங்க?' என்றார். அவர் கேட்ட தொகைக்குப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்