அம்மா படிக்க முடியாத மனு



சென்ற விடுமுறையில் விடுதி நண்பர் ஒருவரோடு மூணாறுக்குப் போயிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு. நண்பரின் அன்னையார் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். ஓய்வு பெறும் நாள் நெருங்குகிறது. லயத்து அறையை விட்டு வெளியேற வேண்டிய நாளும் அதன் பின்னாலேயே வருகிறது. ஒரு துண்டு மனைக்குப் பட்டயம் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். "நீதான் பெட்டியெல்லாம் வச்சிருக்கியே, நல்லபடியா அடிச்சுக் குடுய்யா" என்றார் மகனிடம்.

மகன் மடிக்கணினியைத் திறந்தார். பத்தே நிமிடத்தில் மனு தயார். நல்ல ஆங்கிலம், குற்றம் சொல்ல இடமில்லை. "என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார் அன்னையார். மகன் வாயால் சொன்னார். அன்னையார் தலையாட்டிக்கொண்டே அடியில் தம் பெயரை எழுதினார். அந்தத் தாளில் தமிழாக இருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்!

தமிழில் எழுதினால் என்ன என்று கேட்டேன். "இந்த மெஷினில் தமிழ் வராது. அடுத்த வருஷம் நல்லதாக ஒன்று வாங்கிப் பார்க்கலாம்" என்றார். அதுவும் கடன் வாங்கித்தான் வாங்குவாராம்.

நண்பரை ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டாண்டுக்கு முன்வரை நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். நம்மில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் இருக்கிறோம். புதிய செல்பேசி எத்தனை படம் பிடிக்கும், எத்தனை வேகம் ஓடும் என்று இரவெல்லாம் பேசுகிறோம். அதில் 'அம்மா' என்று எழுதச் சொன்னால் ஆங்கில எழுத்தைத் தேடுகிறோம்.

1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தபோது தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் அந்த மாநிலத்தில் அமைந்தன. அங்குள்ள தமிழர் தம் மொழியிலேயே அரசோடு எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969-ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். அது மட்டுமா? பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்பது சட்டம். வந்ததா, வரவில்லையா என்று வழக்காடுவது பிறகு இருக்கட்டும். நாம் முதலில் எழுதினோமா? தமிழ் மனுவே போகாத அலுவலகத்திலிருந்து தமிழ்ப் பதில் எப்படி வரும்?

'மெஷினில் தமிழ் வராது' என்பதுதான் இதில் பெரிய பொய். 1991-ல் வந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 லதா என்ற தமிழ் எழுத்துருவைத் தன்னோடு கொண்டே வந்தது. நம் நண்பரின் மடிக்கணினிக்கு வயது எட்டு. அதற்குள் தமிழ் எட்டாண்டாக உறங்கிக்கொண்டிருந்தது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து எழுப்பினேன். காசு செலவில்லை.

தமிழ் வராது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் சங்க ஏட்டின் பழைய கோப்புகள் ஒரு வட்டில் கிடைத்தன. ஆவலோடு திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை! யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒளித்து வைத்து எழுத்துரு செய்தார்கள். ஆளுக்கொரு அட்டவணை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்து அடியிலிருக்கும் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அன்று அதைச் செய்தவர்கள் வேறு வழியின்றித்தான் செய்தார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த தமிழர் சிலர் தம் சொந்த உழைப்பில் இதற்காகப் பாடுபட்டார்கள். ஆனால் 2010-ல், நம் பாலக்காட்டுக்கு அடுத்த கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டில், தமிழ்நாட்டு அரசே யூனிகோட்டை ஏற்றுக்கொண்டது. இன்னும் சிலர் பழைய எழுத்துருவில் கட்டுரை அடித்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள், அது எந்த எழுத்துரு என்று நினைவிருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துருவின் பெயர் மறந்துவிட்டால் வேலை பத்து மடங்கு.

இனி, எந்த விசைப்பலகை? இங்கேதான் சென்னை நண்பர்களோடு எனக்குச் சண்டை.

அவர்கள் தமிழ்99 என்பார்கள். 1999-ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் வழியே வந்தது அது. மிக நல்ல அமைப்பு, மறுக்கவில்லை. உயிர் பன்னிரண்டும் இடக்கையில், மெய்யில் பெரும்பகுதி வலக்கையில். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானே விழும். 'மங்கை' என்றால் ம, ங, க, ஐ. புள்ளியைப் பற்றிக் கவலையே இல்லை. நம் இலக்கணம் விசைக்குள் இறங்கி வேலை செய்கிறது!

ஆனால் எல்லையிலே வாழும் நமக்கு இன்னொரு கணக்கு உண்டு. கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் வளர்கிறவன் காலையில் தமிழ் எழுதுவான், மாலையில் மலையாளம் எழுதுவான். அவனுக்கு இன்ஸ்கிரிப்ட்தான் ஏற்றது என்பது என் கட்சி. இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் ஒரே இட அமைப்பு என்பது அதன் அடிப்படை. ஆங்கிலக் 'கே' இருக்கும் விசையில் தமிழிலும் 'க', மலையாளத்திலும் 'க'. 'சி' விசையில் 'ம', 'என்' விசையில் 'ல'. இந்த இரண்டையும் தட்டினால் மலையாளத்தில் 'மல' வந்துவிடும். மொழியை மாற்றி, அதே இரண்டைத் தட்டி, 'டபிள்யூ' விசையில் ஐகாரம் சேர்த்தால் நம் 'மலை'. ஒரு முறை விரல் பழகினால் இரண்டு மொழியும் கைக்கு வரும். கேரளப் பள்ளியில் கணினிப் பாடம் படித்தவர்களில் பலர் மலையாள இன்ஸ்கிரிப்டை ஏற்கெனவே அறிவார்கள். தம் விரலில் தமிழ் பாதி இருப்பது அவர்களுக்கே தெரியாது.

குறையும் சொல்கிறேன். இன்ஸ்கிரிப்டில் புள்ளியை நாமே வைக்க வேண்டும்; 'அம்மா' ஐந்து தட்டு, அகரத்துக்கு ஷிப்டு வேறு. தமிழ் மட்டுமே எழுதப் போகிறவர் தமிழ்99 கற்கட்டும். இரண்டில் எதுவானாலும் நாளைக்குக் கால் மணி நேரம், விசையைப் பார்க்காமல் பழகுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறை அவசரத்துக்கு உதவும். ஆனால் எழுதும்போது மனம் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. செல்பேசியிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறதே என்பீர்கள். பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆயினும் ல, ழ, ள மூன்றையும் அது எப்படிக் கேட்டது என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 'பள்ளி' கேட்டவன் வீட்டுக்குப் 'பல்லி' வந்து சேரும்.

சரி, பழைய மடிக்கணினியே போதும் என்றால் அது உயிரோடு இருக்க வேண்டுமே!

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளை இதைக் காட்டியே தூக்கிப் போடச் சொல்கிறார்கள். போடாதீர்கள். லினக்ஸ் ஏற்றுங்கள், கேரளப் பள்ளிகள் ஆண்டுக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தானே பாடம் நடத்துகின்றன? கணினி ஆமையாக நகர்ந்தால், பழைய சுழல் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். புதுக் கணினி விலையில் சிறு பங்குதான். வித்தியாசத்தைக் கண்ணால் காண்பீர்கள்.

மலைக்கும் சமவெளிக்கும் நோய் வேறு வேறு. இடுக்கியில் எதிரி இடி. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. இணையக் கம்பியையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். காப்புப் பலகை வாங்கினோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், வீட்டில் எர்த் உண்டா என்று பாருங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அதை முழுதும் நம்ப முடியாது. மற்றொன்று, மூணாற்றுக் குளிரில் இரவெல்லாம் கிடந்த கணினியைப் பஸ்ஸில் போடிக்கு இறக்கியவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த கருவியில் வெப்பக் காற்றின் ஈரம் படியும். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

பாலக்காட்டில் எதிரி வெயில். லித்தியம் பேட்டரிக்கு வெப்பமும் ஆகாது, எப்போதும் முழுக்க நிரம்பியிருப்பதும் ஆகாது. எண்பது விழுக்காட்டில் நிறுத்தும் வசதி உங்கள் கணினியில் இருந்தால் போட்டுவையுங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்வதை இன்றோடு விடுங்கள்.

எழுதியதை இரண்டு இடத்தில் வையுங்கள். ஓர் இடம் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

நண்பர் கதைக்கு வருகிறேன். மறுநாள் மாலை, மழை விட்டபின், அதே பழைய மடிக்கணினியில் உட்கார்ந்தார். பள்ளியில் கற்ற மலையாள விரல்தான். ஒன்றரை மணி நேரம் தடவித் தடவி ஒரு பக்கம் அடித்தார். கடைத்தெருவில் அச்செடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, வாய்விட்டு முழுவதும் படித்தார். நடுவில் நிறுத்தி, "முப்பது இல்லய்யா, முப்பத்திரண்டு வருஷம்" என்றார். ஆங்கில மனுவில் அந்தத் தவறு அப்படியே போயிருக்கும். திருத்தி, மறுபடி அச்செடுத்து, கையெழுத்து வாங்கினோம்.

மனுவைக் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. பதில் வந்தால் எந்த மொழியில் வந்தது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.