இன்னுமா படிக்கிற?

அதிகாலை நான்கரை மணி. ஸ்கூடாய், தாமான் யூனிவர்சிட்டியில் ஒரு வாடகை வீடு. வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமுகிறது. தெருமுனையில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது. வீட்டிலுள்ள ஐந்து பெண்களில் நால்வர் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வர இரவு எட்டு மணியாகும். அதுவரை அந்த வீட்டில் ஒருத்திதான். அவர் வேலைக்குப் போகவில்லை. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி முதலாண்டு.

அந்தத் தங்கையை அண்மையில் ஒரு நிகழ்ச்சியில் சந்தித்தேன். கெடாவிலிருந்து வந்தவர். "அண்ணே, மூணு மாசமா நான் யார்கிட்டயும் முழுசா பத்து நிமிஷம் பேசல. வீட்டுல கேக்குற தமிழே நீங்க ரேடியோவுல பேசுறதுதான்" என்றார். வானொலியில் இருப்பவனுக்கு இது பாராட்டு மாதிரி கேட்கும். எனக்கு அன்று அப்படிக் கேட்கவில்லை.

நம் வீடுகளில் பிள்ளை பிஎச்டிக்குப் போகிறது என்றால் பெருமைதான். பெயருக்கு முன்னால் 'முனைவர்' வரப்போகிறதே! ஆனால், அந்தப் படிப்பின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பட்டப்படிப்புக்குப் போகும்போது அறிமுக வாரம் இருக்கும். விடுதி, வகுப்பு, கால அட்டவணை, கூடவே கேலி செய்ய ஒரு கூட்டம் எல்லாம் தயாராக இருக்கும். ஊர் தானாகப் பழகிவிடும். பிஎச்டியில் இவை எதுவும் கிடையாது. ஒரு தலைப்பு, ஒரு மேற்பார்வையாளர், இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு. மற்ற நேரமெல்லாம் உங்களுடையது. முதல் மாதம் அது சுதந்திரமாகத் தெரியும். மூன்றாம் மாதம் பாரமாகிவிடும்.

ஜொகூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஊரின் கடிகாரம் பாலத்தைப் பார்த்து ஓடுகிறது. 1924-இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். அந்தப் பக்கம் ஒரு டாலர் சம்பாதித்தால் இந்தப் பக்கம் மூன்று வெள்ளிக்கு மேல். கூட இருப்பவர்கள் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். இவரோ உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார். ஊரிலிருந்து சித்தி போன் செய்து "இன்னுமா படிக்கிற?" என்று கேட்கிறார். "பேசாம பாலத்தத் தாண்டிடலாமா அண்ணே?" என்று தங்கை கேட்டது பாதி விளையாட்டு, பாதி உண்மை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "வெளிநாட்டுக்குப் போயிருந்தா ஊர் ஞாபகமா இருக்குன்னு தைரியமா சொல்லலாம். நம்ம நாட்டுக்குள்ளயே இருந்துகிட்டு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

அப்போது எனக்குக் கணித மேதை ராமானுஜன் ஞாபகம் வந்தார். 1914 மார்ச்சில் மதராசிலிருந்து கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனபோது அவருக்கு 26 வயது. உலகமே வியந்த கணக்குகளைப் போட்டவருக்கு அங்கே இரவில் குளிர் தாங்கவில்லை. மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால், அவற்றை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மகலனோபிஸ்தான் விலக்கிக் காட்டினார்.

பேராசிரியர் ஹார்டி அவரோடு கணக்கு பேசிக்கொண்டுதான் இருந்தார். 1916-இல் ஆய்வுக்கான பட்டமும் கிடைத்தது. ஆனால், சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்து, நேரம் தவறிச் சாப்பிட்டு, 1917-இல் நோயில் விழுந்தார். 1919-இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு இறந்தபோது வயது 32.

புது ஊரில் ஆய்வு செய்ய வருகிற எல்லோருக்கும் இப்படி ஒரு கம்பளி இருக்கிறது. கேட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால், 'இதைப் போய் யாரிடம் கேட்பது' என்று இருந்துவிடுகிறோம்.

நம் தங்கைக்குக் கம்பளியை விலக்கிக் காட்டியவர் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு நைஜீரிய மூத்த மாணவி. "வேலை இருக்கோ இல்லையோ, காலை ஒன்பதுக்கு வந்துவிடு. மத்தியானம் எங்களோடு சாப்பிடு" என்றாராம். இவ்வளவுதான். ஒரு மாதத்தில் இவருக்கு அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, வரவில்லை என்றால் தேடுகிற நான்கு பேர்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். முதலில் உங்கள் நாளுக்கு ஒரு சட்டம் போடுங்கள். அறையில் படுக்கைமேல் மடிக்கணினியை வைத்து ஆய்வு நகராது. வேலைக்குப் போவதுபோல் உடுத்தி, நூலகமோ ஆய்வுக்கூடமோ ஓர் இடத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, மேற்பார்வையாளரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம், வாட்ஸ்அப் அனுப்பலாமா, எழுதியதை எந்த நிலையில் காட்டவேண்டும்? சந்திப்பு முடிந்ததும், பேசியதை அரைப் பக்கத்தில் எழுதி அவருக்கே அனுப்புங்கள். பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்ற பேச்சு இருக்காது.

மூன்றாவது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஓர் இடம் வாரம் ஒருமுறை வேண்டும். பூப்பந்தாட்டமோ, ஜொகூர் பாரு கண்ணாடிக் கோயிலோ, பழக்கப்பட்ட வாழையிலைச் சாப்பாட்டுக் கடையோ எதுவாகவும் இருக்கட்டும். அங்கே உங்களை யாரும் ஆய்வு மாணவராகப் பார்க்கமாட்டார்கள். "என்னம்மா, போன வாரம் ஆளையே காணோம்?" என்பார்கள். அது ஒரு மருந்து.

இதெல்லாம் செய்தும் மனம் இருண்டே கிடந்தால், தூக்கம் போய்விட்டால், பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் அழைக்கலாம். அது பலவீனம் இல்லை.

கடைசியாக, வீட்டிலிருக்கும் நமக்கு ஒன்று. "எப்போ முடியும்?" என்ற கேள்வியைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம். அதற்குப் பதில் பல நேரம் பிள்ளைக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் கூச்சப்பட்டு, போனை எடுக்காமல் விடுகிறார்கள்.

தங்கையின் அம்மா இப்போது இரவில் வேறு மாதிரி கேட்கிறாராம். "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" இது எல்லா அம்மாக்களும் கேட்பதுதான். அதோடு இன்னொன்றும் கேட்கிறார்: "யார்கூட சாப்பிட்ட?"

இப்போதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விக்கு மகளிடம் சொல்ல நான்கு பெயர்கள் இருக்கின்றன.