பட்டம் கையிலே, பயணச்சீட்டு எங்கே?

நம் தோழன் ஒருவன், வரலாற்றிலே முதல் வகுப்பில் தேறியவன்; குடும்பத்தின் முதற் பட்டதாரி. தந்தை செங்கற்சூளையிலே கல் அறுப்பவர். சென்னையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பேருந்துக் கட்டணம், இரண்டு நாள் தங்கும் செலவு, காலுக்குப் பூட்ஸ், நல்ல சட்டை ஒன்று: கணக்குப் போட்டனர் தந்தையும் மகனும். சூளைக்காரரிடம் முன்பணம் கேட்டனர், கிடைக்கவில்லை. தோழன் போகவில்லை. போனவர் எவரோ வேலை பெற்றார். பெற்றவருக்குப் பெயர், தகுதி மிக்கவர்!

தகுதி, திறமை! ஏழையின் முகத்திலறைந்து சாத்தப்பட்ட கதவுகள் எத்தனையோ, அத்தனையிலும் எழுதப்பட்டிருந்த சொற்கள் இவை. சென்னை மாநிலத்து வகுப்புவாரி ஆணையை உச்சநீதிமன்றம் வீழ்த்தியபோது கிளர்ச்சி எழுந்தது. 1951-ல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. கல்லூரிக்குள் நுழைந்தோம், படித்தோம். வெளியே வரும் வாயிலிலே இன்னொரு காவற்காரன் நிற்கிறான். அவன் சாதியைக் கேட்பதில்லை. சம்பளமில்லாமல் மூன்று மாதம் பயிற்சி பெற்றாயா என்று கேட்கிறான்.

சம்பளமில்லாப் பயிற்சி! சென்னையிலே அறை எடுத்து, மூன்று வேளை உண்டு, ஊதியமின்றி உழைக்க எவனால் முடியும்? அப்பன் சொத்துள்ளவனால் முடியும். அந்தச் சொத்துதான் பிறகு 'அனுபவம்' என்ற பெயரிலே விண்ணப்பத் தாளில் ஏறுகிறது.

உதவியே இல்லையா என்பீர். உண்டு, மறைப்பது நமக்கு அழகன்று. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன், அரசுப் பள்ளியிலே பயின்று உயர்கல்வி சென்றோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க வந்த திட்டங்கள். திறன் பயிற்சிக்கென 2022-ல் நான் முதல்வன் வந்தது. வரவேற்றோம். ஆனால் அந்த மாத உதவி படிப்போடு நின்றுவிடும்படி வகுக்கப்பட்டது. கடைசித் தேர்வுக்கும் முதற் சம்பளத்துக்கும் இடைப்பட்ட மாதங்கள்? அங்கேதான், தோழர்களே, ஏழை வடிகட்டப்படுகிறான்!

"பல்கலைக்கழகம் கலைமகள் கோயில், வேலை தேடித் தரும் தரகு நிலையமா?" என்று சில பெருமக்கள் பெருமூச்செறிகின்றனர். 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று ஆணையிட்டபோது அந்தப் பெருமூச்சு கேட்கவில்லை. 1857-ல் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம், கச்சேரி உத்தியோகத்துக்குக் கடவுச்சீட்டாய் இருந்த காலத்திலும் கேட்கவில்லை. உத்தியோகம் ஒரு சாராரின் வீட்டுக்கே போனவரை கல்வி புனிதமாகத்தான் இருந்தது. சூளைக்காரன் மகன் கேட்டவுடன் தீட்டாகிவிட்டதோ?

நாம் கேட்பது பெரிதன்று. நேர்முகத் தேர்வுக்குப் பயணப்படி. கலைப் பிரிவு மாணவர்க்கும் ஊதியத்தோடு பயிற்சி. பட்டம் பெற்றபின் ஆறு மாதம் உதவித்தொகை. கடனாக அல்ல, உரிமையாக! இதற்கென ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனி நிதி வைக்க வேண்டும்.

பணம் எங்கே என்பர். 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித் துறை முடக்கியது. பல்கலைக்கழகம் தனியே தாங்காது என்பதை அறிவோம். அதே ஆண்டு ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பங்கு, முந்திய ஆண்டின் திருத்திய மதிப்பீடான 6,409 கோடி ரூபாயிலிருந்து 2,500 கோடியாக வெட்டப்பட்டது. ஆகவே டில்லியையும் கேட்கிறோம், கோட்டையையும் கேட்கிறோம்.

நம் தோழன் இப்போது அதே சூளையிலே கணக்கெழுதுகிறான். இறுதியாண்டு படிக்கும் அவன் தங்கை கேட்கிறாள், தனக்கு அழைப்பு வந்தால் எவரிடம் முன்பணம் கேட்பதென்று.