காந்தி நிலம் பார்த்த கதை

“பத்துப் பேர் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு பத்து ஏக்கர் வாங்கிப் போடலாம். நம்ம அரிசி, நம்ம காய்கறி, நம்ம பால். டவுன் தொல்லையே வேண்டாம்!”

நண்பர்கள் கூடும் இடங்களிலும், ரிட்டயர்டு ஆனவர்களின் வாட்ஸ்அப் குரூப்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. சிலர் அட்வான்ஸ் கொடுக்கும் வரைகூடப் போய்விடுகிறார்கள். ஆனால், எதைப் பார்த்து நிலத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒருவருக்கு மலை தெரியவேண்டும். இன்னொருவருக்கு விலை குறையவேண்டும்.

இப்படிக் கூடி வாழ நிலம் தேடிய அனுபவம் நிறைய உள்ளவர், காந்தி. தென்னாப்பிரிக்காவில் ஃபீனிக்ஸ், டால்ஸ்டாய் பண்ணை. இந்தியாவில் சபர்மதி, சேவாகிராமம். நான்கு இடங்களையும் அவர் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்தால், இன்று நிலம் தேடுகிறவர்களுக்கும் பிடி கிடைக்கும்.

ரயிலடி எவ்வளவு தூரம்?

1904. டர்பனிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை காந்தியின் கைக்காசைத் தின்றுகொண்டிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், நண்பர் போலக் கொடுத்த ஜான் ரஸ்கினின் புத்தகத்தைப் படித்தார். அச்சகத்தையே கிராமத்துக்குக் கொண்டுபோய்விடலாம், எல்லோரும் நிலத்தில் உழைக்கலாம், எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று முடிவெடுத்தார்.

உடனே விளம்பரம் கொடுத்தார். டர்பனுக்குப் பக்கத்தில் நிலம் வேண்டும். ரயில் நிலையமும் அருகில் இருக்கவேண்டும். ஊரை விட்டு விலகிப் போகிறவர் ரயிலை ஏன் கேட்டார்? வாராவாரம் பத்திரிகைக் கட்டு வெளியூர் போயாகவேண்டுமே!

ஃபீனிக்ஸில் கிடைத்த 20 ஏக்கரில் ஒரு நீரூற்றும் சில ஆரஞ்சு, மாமரங்களும் இருந்தன. ஒட்டியிருந்த 80 ஏக்கரில் பழ மரங்கள் இன்னும் அதிகம். இரண்டையும் சேர்த்து ஆயிரம் பவுனுக்கு வாங்கினார்கள். டர்பனிலிருந்து 14 மைல், ரயிலடியிலிருந்து இரண்டரை மைல். ஆள் உயரப் புல்லும் பாம்புமாகக் கிடந்த இடம்தான். அதையெல்லாம் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். இல்லாத ஊற்றை யார் கொண்டுவருவது?

அங்கே முதல் இதழ் அச்சேறிய இரவு, ஆயில் இன்ஜின் மக்கர் செய்துவிட்டது. காந்தி முன்யோசனையாகக் கையால் சுற்றும் சக்கரம் ஒன்றைத் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார். ஒரே நேரத்தில் நான்கு பேர் சுற்றவேண்டிய சக்கரம். தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, முறைபோட்டு விடியவிடியச் சுற்றினார்கள். காலையில் இன்ஜின் தானாக வழிக்கு வந்தது. பத்திரிகையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கையில் இருந்தும் வேண்டாம் என்ற நிலம்

1910. டிரான்ஸ்வாலில் சத்தியாகிரகம் நீண்டுகொண்டே போனது. சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் அதிகம். அவர்களுடைய குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் வைத்துக் காப்பாற்றினால்தான் போராட்டம் நடக்கும் என்ற நிலை.

ஃபீனிக்ஸில்தான் 100 ஏக்கர் இருக்கிறதே, அங்கே அனுப்பிவிடலாமே? காந்தி அதற்குச் சம்மதிக்கவில்லை. அது 300 மைல் தூரம்; ரயிலில் முப்பது மணி நேரம். அப்பா ஜோகன்னஸ்பர்க் சிறையில் இருக்க, அம்மாவையும் பிள்ளைகளையும் அவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுவது சரிப்படாது.

அப்போது கைகொடுத்தவர் நண்பர் ஹெர்மன் கேலன்பாக். 1,100 ஏக்கர் பண்ணையை வாங்கி, வாடகையில்லாமல் பயன்படுத்தக் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். லாலி ரயில் நிலையம் ஒரு மைல். ஏறக்குறைய ஆயிரம் பழ மரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று. குன்றின் அடியில் ஆறு பேர் தங்கும் அளவுக்கு ஒரு சின்ன வீடு. இதுதான் டால்ஸ்டாய் பண்ணை.

ஊற்று இருந்தது வீடுகளிலிருந்து 500 கஜம் தள்ளி. காவடிபோல் கம்பில் தொங்கவிட்டுத் தண்ணீர் சுமந்தார்கள். கஷ்டப்பட்டு வந்த தண்ணீரின் அருமை தெரிந்ததால், கழிவுநீர் ஒரு வாளிகூட வீணாகாமல் மரத்துக்குப் போனது. சமையல் கழிவு எருவானது. மலக்கழிவைக் குழி தோண்டி மண்போட்டு மூடினார்கள். அத்தனை பேர் இருந்தும் ஈ மொய்க்காத இடமாக அதை வைத்திருந்தார்கள்.

கேலன்பாக் ஒரு மடாலயத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லை, காந்தியே வாத்தியாரானார். கப்பலிலும் சிறையிலும் ஜி.யு.போப்பின் புத்தகத்தை வைத்துக் கற்ற தமிழைக் கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்!

சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் நடந்துதான் போகவேண்டும் என்பது பண்ணையின் விதி. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து கட்டுச்சோற்றுடன் கிளம்புவார்கள். 21 மைல் என்றதால் அது முடிந்தது. 50 மைல் என்றால் அந்த விதியே இருந்திருக்காது.

ஜெயிலுக்குப் பக்கத்து நிலம்

இந்தியா வந்ததும் 1915-ல் அகமதாபாத் அருகே கோச்ரப்பில், வாடகை பங்களாவில் ஆசிரமம் தொடங்கியது. 1917-ல் அந்தக் கிராமத்தில் பிளேக் நோய் பரவியது. ஆசிரமத்துக்குள் என்னதான் பெருக்கிச் சுத்தமாக வைத்தாலும், சுற்றுச்சுவருக்கு வெளியே இருக்கும் அசுத்தம் உள்ளே வராமல் இருக்குமா? பிள்ளைகளை அங்கே வைத்திருக்க முடியாது. அவசரமாக வேறு இடம் வேண்டும்.

புஞ்சாபாய் ஹிராசந்த் என்ற வியாபாரி இடம் தேடிக் கொடுத்தார். சபர்மதி ஆற்றங்கரை, பக்கத்தில் மத்திய சிறை. மற்றவர்கள் ஒதுங்கிப்போகும் அந்த ஜெயில்தான் காந்திக்குப் பிடித்தது. சத்தியாகிரகி எப்படியும் போகப்போகிற இடம்தானே! அதோடு, ஜெயில் கட்ட இடம் பார்க்கிறவர்கள் சுற்றுப்புறம் சுத்தமான இடமாகத்தான் பார்ப்பார்கள் என்றும் கணக்குப் போட்டார். சுமார் எட்டு நாளில் கிரயம் முடிந்தது. அந்த நிலத்தில் ஒரு கட்டடம் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. ஆறு இருந்தது. கூடாரம் போட்டுக் குடியேறிவிட்டார்கள்.

நான்காவது இடம் வேறு மாதிரி. 1936-ல் வார்தா அருகே சேகாவ் என்ற கிராமத்துக்குப் போனார். பின்னாளில் சேவாகிராமம் ஆனது அதுதான். சரியான ரோடு கிடையாது, மலேரியா உண்டு. காந்திக்கே மலேரியா வந்தது. வசதி பார்த்திருந்தால் அங்கே போயிருக்க மாட்டார். கிராமத்து மக்களோடு இருந்து வேலை செய்வதுதான் நோக்கம் என்பதால், அந்தக் கஷ்டங்களைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

இன்று பார்க்கவேண்டியது

ஆக, முதல் கேள்வி ‘எங்கே வாங்குவது’ அல்ல. ‘எதற்காகப் போகிறோம்’ என்பதுதான். பிள்ளைகள் படிக்கவேண்டுமா, வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமா, விளைந்ததை விற்கவேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகலாம் என்பது தானாக முடிவாகிவிடும்.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் எல்லா நிலமும் பச்சையாகத்தான் தெரியும். ஏப்ரல், மே மாதத்தில் போய்ப் பாருங்கள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போர் எத்தனை அடி என்று விசாரியுங்கள். தண்ணீரைக் குடித்தும் பாருங்கள்.

மூன்றாவது பாதை. வண்டி போகிறதே என்று விட்டுவிடக் கூடாது. அது பொதுப்பாதையா, பக்கத்து வயல்காரர் தயவில் விட்டிருக்கும் வழியா என்பதைப் புலப்படத்திலும் பத்திரத்திலும் பார்க்கவேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, சர்வேயர் அளவு எல்லாம் அட்வான்ஸுக்கு முன்பே முடியட்டும்.

கடைசியாக, பத்திரம் யார் பெயரில்? டால்ஸ்டாய் பண்ணை ஒரு நண்பரின் சொத்து. தேவை முடிந்து 1913-ல் அது கலைந்தது. ஃபீனிக்ஸை காந்தி 1912-லேயே டிரஸ்ட் ஆக்கிவிட்டார். அவர் இந்தியா திரும்பிய பிறகும் அங்கே வேலை தொடர்ந்தது. பத்துப் பேரில் ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னாகும், ஒருவர் காலமானால் வாரிசுக்கு என்ன உரிமை என்பதையெல்லாம் நட்பு நன்றாக இருக்கும்போதே வக்கீலை வைத்து எழுதிக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.