மூன்று கிலோவா, நான்கு கிலோவா?

தங்கை மகன் அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் போய்ஸி நகரில் இருக்கிறான். குடியுரிமை வாங்கிவிட்டான். மாதம் ஒரு முறை போன் செய்வான். மழை, மாப்பிள்ளை, மாத்திரை என்று பேச்சு போகும். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் எடுத்த எடுப்பில் கேட்டான்: “மாமா, ரைஃபிள் மூணு கிலோவில் வாங்கட்டுமா, நாலு கிலோவிலா?”

ஏதோ பாத்திரம் வாங்குகிறான் என்று நினைத்த என் மனைவி, விஷயம் தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இருபது வருடம் ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கி பிடித்தவன் நான். சுட்டதெல்லாம் காகிதத்தை. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை என்பது பழைய புகைப்படங்களில் மட்டுமே. அங்கே அப்படி இல்லை. உரிமம் வாங்கி, எந்தப் பகுதியில், எந்த நாட்களில், எந்த விலங்கு என்று எழுதிய சீட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் வரி 1937-ம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. இது சரியா, தவறா என்ற வாதத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். பையன் கேட்டது எடையைப் பற்றி.

அவன் போகிற இடத்தைப் பார்த்தால் கேள்வியின் நியாயம் புரியும். ஐடஹோவின் நடுவில் ‘திரும்ப முடியாத ஆறு’ என்று பெயர் பெற்ற வனாந்தரம் இருக்கிறது. 1980-ல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 9,500 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல இருபது மடங்குக்கு மேல். 1964-ம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய வனாந்தரங்களில் சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. கூடாரம், சாப்பாடு, கம்பளி எல்லாம் முதுகில். தேடிப் போவது எல்க் மானை. நம் காஷ்மீரத்து ஹங்குலுக்கு உறவு. கடா 300 கிலோவைத் தாண்டும். வீழ்த்தினால் இறைச்சி மட்டுமே ஏறத்தாழ 100 கிலோ. நாலைந்து நடை சுமக்க வேண்டும். தின்னக்கூடியதைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் சட்டப்படி குற்றம். இந்த நிலையில் துப்பாக்கியில் ஒரு கிலோ குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அவன் பார்த்து வைத்திருந்தது ‘சேஸிஸ் ரைஃபிள்’. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பாடி கட்டுவதற்காக நாமக்கல்லுக்குப் போகும் வெறும் லாரி சேஸிஸை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கூரை இல்லை, கதவு இல்லை. டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போவார். ஆனால் வண்டியைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். துப்பாக்கியிலும் அதே கதை. பழைய துப்பாக்கியில் குழலும் இயந்திரமும் மரக் கட்டையில் உட்கார்ந்திருக்கும். ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், குறி நகர்ந்துவிடும். மரத்துக்குப் பதில் உலோகச் சட்டத்தில் இயந்திரத்தை இறுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. இந்த யோசனையைப் பிரபலமாக்கியது இங்கிலாந்தின் அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனம். அதை நிறுவியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர், 1984, 1988 ஒலிம்பிக்குகளில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றவர். 1980-களில் பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுடைய ரைஃபிளை ஏற்றது.

ராணுவத்து ரைஃபிள் கனமானது. குப்புறப் படுத்துச் சுடுகிறவருக்கு அது பாரமில்லை, மலை ஏறுகிறவனுக்குப் பாரம். அதனால் இரும்பும் அலுமினியமும் போய் மக்னீசியமும் கார்பன் இழையும் வந்தன. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மக்னீசியத்துக்கு 1.74. கனடாவின் எம்.டி.டி. நிறுவனம் 26 அவுன்ஸ், அதாவது முக்கால் கிலோவுக்கும் குறைவான வேட்டைச் சேஸிஸ் விற்கிறது. பின்பகுதியை மடித்துப் பையில் செருகலாம். கன்னம் படும் இடத்தையும் தோளுக்கு வரும் நீளத்தையும் ஆளுக்கேற்ப மாற்றலாம். ஆனால் ஒன்று. நல்ல கார்பன் இழைக் கட்டையும் ஏறத்தாழ இதே எடையில் கிடைக்கிறது. ஆகவே எடைக்காக மட்டும் சேஸிஸ் வாங்குவதில் அர்த்தமில்லை. உடம்புக்குப் பொருந்தும் வசதிக்காக வாங்கினால் அர்த்தம் உண்டு.

“எல்லாம் சரி, இதில் உனக்கு என்ன சந்தேகம்?” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் அவனுடைய முதல் வேட்டை. நண்பனின் ரைஃபிளை இரவல் வாங்கிப் போயிருக்கிறான். டெலஸ்கோப்போடு சேர்த்தே மூன்று கிலோ, தோட்டாவோ.300 வின்செஸ்டர் மேக்னம். மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது 350 மீட்டரில் ஒரு கடா. சுட்டான். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் கணத்தில் உடம்பு முந்திக்கொண்டது. குண்டு நெஞ்சில் படவில்லை, வயிற்றுப் பக்கம் பட்டது. இருட்டும் வரை ரத்தச் சுவட்டில் போனார்கள். மறுநாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

“அது எங்கேயோ கிடந்து இரண்டு நாள் கழித்துச் செத்திருக்கும், மாமா” என்றான்.

அவன் கேட்ட எடைக் கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நியூட்டன் விதிதான். ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை நான்கு கிலோவிலிருந்து மூன்றாகக் குறைந்தால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். 7 எம்.எம்.-08 என்ற மிதமான தோட்டாவுக்கு நான்கு கிலோவில் சுமார் 17 ஜூல், மூன்று கிலோவில் சுமார் 23. அவன் இரவல் வாங்கிய மேக்னமுக்கு மூன்று கிலோவில் ஏறத்தாழ 50! உதை மட்டுமல்ல. இலேசான துப்பாக்கி நாடித் துடிப்புக்கெல்லாம் ஆடும். மேசைமேல் மணல் மூட்டை வைத்துச் சுட்டு, 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் வட்டம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். மலையில் மேசை ஏது? ஐடஹோ சட்டம் டெலஸ்கோப், வார் எல்லாம் சேர்த்து 16 பவுண்டுக்கு, அதாவது 7 கிலோ சொச்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கியை வேட்டைக்குத் தடை செய்கிறது. அடி எல்லையை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து நானே போன் செய்தேன். “முதலில் தோட்டாவைத் தேர்ந்தெடு, பிறகு துப்பாக்கியை” என்றேன். குமாவோன் மலைகளில் அலைந்த ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. இன்றைய 7 எம்.எம்.-08 ஏறக்குறைய அதே சக்தி கொண்டதுதான். அடுத்து, கடையில் சொல்லும் எடையை நம்பாதே. டெலஸ்கோப், அதன் வளையங்கள், வார், நிரப்பிய மேகசின் எல்லாம் மாட்டித் தராசில் வை. நான்கு கிலோவுக்குப் பக்கத்தில் வரட்டும். குறைக்க வேண்டியதைக் கூடாரத்தில் குறை. முன்னங்காலுக்குத் தனியாக அரைக் கிலோ வேண்டாம், முதுகுப் பையையே முட்டுக் கொடு. குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார். கட்டை நீளம் அப்போதுதான் தெரியும். மடிப்புக் கீல் ஆடுகிறதா, குளிரில் உலோகம் கன்னத்தைக் கடிக்கிறதா என்றும் பார்.

“கடைசியாக ஒரு பரீட்சை. இருபது சென்டிமீட்டர் தட்டு ஒன்றை வை. மாடிப்படி ஏறி இறங்கி மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, குழல் சூடாகாத நிலையில் ஒரே ஒரு குண்டு. அன்றைக்கு அவ்வளவுதான். பத்து நாள் இப்படி. பத்தும் தட்டில் படுகிற தூரம்தான் உன் தூரம். ஒன்பது பட்டால் கிட்டே வா.”

கோடை முழுக்கச் செய்தான். 250 மீட்டரில் பத்துக்குப் பத்து. 350-ல் ஆறு. வாங்கியது சேஸிஸ் ரகம்தான். எல்லாம் மாட்டியபின் 4 கிலோ 100 கிராம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஐந்து நாள் காட்டில் இருந்தான். நான்காம் நாள் 340 மீட்டரில் ஒரு கடா நெடுநேரம் நின்றதாம். கிட்டே போக வழியில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இறங்கிவிட்டான். செலவு, லீவு, உரிமம் எல்லாம் வீண் என்று நண்பர்கள் கேலி செய்தார்களாம்.

இதை மனைவியிடம் சொன்னேன். “அடுத்த தடவை போன் பண்ணினால் என்னிடம் கொடுங்கள்” என்றாள்.